சாமி வந்தவளிடம் கூலியைக் கேளுங்கள்

கலிபோர்னியாவில் 1975இல் தொடங்கிய ஒரு கல்வி நிறுவனம் டிரான்ஸ்பர்சனல் சைக்காலஜியில் பட்டம் தந்தது. தியானம், அருள்நிலை எல்லாம் அங்கே பாடம். பெண்களின் ஆன்மிகத்துக்கும் முதுகலை இருந்தது. அதை நடத்திய டயான் ஜெனட், ஆற்றுகால் பொங்கலை ஆராய்ந்துதான் முனைவரானார். அம்மன்முன் மூட்டும் அடுப்பு அங்கே ஆய்வேடு.

சிலமலையில்? விடியுமுன் ஜீப்பில் அடைந்து போடிமெட்டு ஏறி, ஏலக்காய் எடுத்துத் திரும்பும் எங்கள் பெண்ணுக்குச் சாமி வந்தால் ஊருக்கு அது பேய், தோழர்களுக்கு மூடநம்பிக்கை, கவுன்சிலிங் படித்தவருக்கு ஸ்ட்ரெஸ். கூலி எவ்வளவு, கங்காணி என்ன பேசினான், தண்ணீரை எந்தத் தம்ளரில் கொடுத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

பூசாரியிடமே விடுங்கள் என்றா சொல்கிறோம்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்தார்கள். மருந்து வேண்டியவருக்கு மருந்து வேண்டும். சாதி பார்க்காமல் அது கிடைப்பது உரிமை என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. (சட்டத்துக்குத் தெரிந்த சாதி கவுன்சிலருக்குத் தெரியவில்லை!)

தமிழகத் தலித் பெண்களின் சாமியாட்டத்தைக் காதுகொடுத்துக் கேட்டு 2013இல் புத்தகம் எழுதினார் கல்பனா ராம். அது எத்தனை உளவியல் வகுப்பறைக்குள் போயிருக்கும்?

தோழர்களே, உளவியல் முதுகலையில் சாதியைத் தனித் தாளாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். களப்பணிக்கு எங்கள் காலனிக்கு வரட்டும். எஸ்டேட் கூலிகளின் மகள்கள் உதவித்தொகையோடு அந்த வகுப்பில் உட்காரட்டும்.