பகுதிநேரம் என்னும் பொய்

"நாலு மணி நேரம்தானே, வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லித்தான் என்னைக் கௌரவ விரிவுரையாளராகச் சேர்த்தார்கள். அதே வகுப்பு, அதே பாடம். சம்பளம் மட்டும் வேறு. அன்றிலிருந்து பகுதிநேரம் என்ற சொல்லோடு எனக்குப் பகை.

அமெரிக்காவின் யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தைப் பாருங்கள். 1982இல் பகுதிநேரத் தொழிலாளரின் தொடக்கக் கூலியை மணிக்கு 8 டாலராக இறக்கினார்கள். பதினைந்து ஆண்டுகள் அது அசையவில்லை. முழுநேர ஓட்டுநருக்கோ 1997இல் மணிக்கு ஏறத்தாழ 20 டாலர். நாளுக்கல்ல, மணிக்கு! பாதி நேரத்துக்குப் பாதிச் சம்பளம் என்றால் அது கணக்கு. ஒரு மணி நேரத்தையே பாதி விலைக்கும் கீழே வாங்குவது கொள்ளை. ஓட்டுவது வேறு, ஏற்றுவது வேறு என்பார்கள். பின்னிரவில் யாரோ பிரித்து வண்டியில் ஏற்றாத பெட்டியை எந்த ஓட்டுநர் கொண்டுசேர்ப்பார்? வாரம் 35 மணி நேரத்தைத் தாண்டி உழைத்த ஆயிரக்கணக்கானோருக்கும் 'பகுதிநேரம்' என்றே பெயர்.

1997 ஆகஸ்டில் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முழுநேரத்தாரும் சேர்ந்தே நின்றார்கள் (எங்கள் நிரந்தரப் பேராசிரியர்கள் இந்த வரியை இன்னொரு முறை வாசிக்கட்டும்). 10,000 முழுநேர வேலைகளுக்கு நிறுவனம் இணங்கியது. பகுதிநேரத் தொடக்கக் கூலி 8.50 ஆனது. பதினைந்து ஆண்டுக்கு ஐம்பது சென்ட்.