டெனாரின் இருட்டு

இந்த வாரமும் ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. கிப்லி ஸ்டூடியோவின் படங்களைச் சிறந்ததிலிருந்து மோசமானதுவரை வரிசைப்படுத்தியிருந்தார்கள். ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ வழக்கம்போல அடிவரிசையில். கூடவே ரசிகர்களின் ஏச்சு: படம் இழுவை, முடிவு புரியவில்லை, அப்பாவின் கைவண்ணம் மகனுக்கு வரவில்லை. அன்று முழுக்க எனக்கு எரிச்சல். படத்தைத் திட்டட்டும், ஆட்சேபம் இல்லை. இத்தனை பேர் திட்டியும் ஒருவர்கூட மூல நாவல்களின் முக்கியப் பாத்திரமான டெனாரைப் பற்றிக் கேட்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

பின்னணி இதுதான். 1980களின் தொடக்கத்தில், பின்னாளில் கிப்லியின் முதன்மை இயக்குநரான ஹயாவோ மியாசாக்கி எர்த்ஸீ கதைகளைப் படமாக்க அனுமதி கேட்டார். அனிமேஷன் என்றால் டிஸ்னி என்றே அறிந்திருந்த, அக்கதைகளை எழுதிய உர்சுலா லெ குவின் மறுத்துவிட்டார். பல வருடம் கழித்து ‘மை நெய்பர் டோட்டோரோ’வைப் பார்த்து மனம் மாறினார். ஆனால் கடைசியில் படத்தை இயக்கியவர் மகன் கோரோ. தோட்ட வடிவமைப்பாளராக இருந்து, கிப்லி அருங்காட்சியகத்தை நடத்தியவர். அதுதான் அவருக்கு முதல் படம். 2006இல் வெளியாகி, அந்த ஆண்டின் ஜப்பானியப் படங்களில் வசூலில் முதலிடம் பிடித்தது. இது என் புத்தகமல்ல, உங்கள் படம், நல்ல படம் என்று கோரோவிடம் நேரில் கண்ணியமாகச் சொன்னார் லெ குவின். பிறகு விரிவாக எழுதியபோது மனத்தில் இருந்ததை மறைக்கவில்லை. தீமையை ஒரு வில்லன் தலையில் ஏற்றி, அவன் செத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாகக் காட்டியது அவரை உறுத்தியது. எர்த்ஸீயின் நாயகனான மந்திரவாதி கெட் முதல் நாவலில் எதிர்கொள்ளும் தீய நிழல் வேறு யாருமல்ல, அவனேதான். எனவே லெ குவினின் உறுத்தலில் நியாயம் இருக்கிறது.

டெனார் கதைக்கு வருகிறேன். படத்தில் அவள் பண்ணை வீட்டுப் பெண்மணி. சோறு போடுகிறாள், வந்தவர்களுக்கு அடைக்கலம் தருகிறாள், கடைசியில் வில்லனின் ஆட்களிடம் சிக்கிக்கொள்கிறாள். அவள் யார், எங்கிருந்து வந்தாள் என்பதெல்லாம் ஓரிரு வசனத்தோடு சரி.

எர்த்ஸீ வரிசையில் இரண்டாவது நாவல் ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’. 1971இல் வந்தது. என்னைக் கேட்டால் அந்த வரிசையிலேயே முதலிடம் அதற்குத்தான். ஆப்பிள் தோப்பில் ஒரு சின்னப் பெண் ஓடி விளையாடுகிறாள். தாய் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பாசம் வைக்காதே, எப்படியும் கொண்டுபோகப் போகிறார்கள் என்கிறான் தந்தை. இறந்துபோன தலைமைப் பூசாரிணியின் மறுபிறவி என்று முடிவுகட்டி, ஐந்து வயதில் பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் கல்லறைகளுக்கு அவளைக் கொண்டுபோகிறார்கள். டெனார் என்ற பெயரைப் பறித்துவிட்டு, விழுங்கப்பட்டவள் என்று பொருள்பட அர்ஹா ஆக்குகிறார்கள். கல்லறைகளுக்கு அடியில் இருக்கும் குகைக்குள் விளக்கைக் கொண்டுபோகக் கூடாது. சுவரைத் தடவித் தடவி, திருப்பங்களை எண்ணி எண்ணி, அந்த இருட்டு முழுவதையும் அவள் மனப்பாடம் செய்துகொள்கிறாள். அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதில் அவளுக்கு எவ்வளவு பெருமிதம்! வாசிக்கிற நமக்கும் அந்த இருட்டு பிடித்துப்போய்விடுகிறது.

ஒருநாள் உள்ளே போகிறாள். வெளிச்சமே படக் கூடாத இடத்தில் வெளிச்சம். கைத்தடியின் நுனியில் ஒளியேற்றிக்கொண்டு ஒரு திருடன் நிற்கிறான். கெட்தான் அது. விரல்களால் மட்டுமே அறிந்திருந்த குகையை அவள் முதன்முறையாகக் கண்ணால் பார்க்கிறாள். சுவரெல்லாம் படிகங்கள் மின்னுகின்றன. இத்தனை அழகு தன் காலடியில் கிடந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. அந்த அழகை ரசிக்கவும் முடியாமல், புனிதம் கெட்டுவிட்டதே என்று பதறுகிறாள். அவனைச் சுரங்கத்துக்குள் அடைக்கிறாள். சாகவும் விடாமல், போகவும் விடாமல், துவாரம் வழியே பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இந்தப் பக்கங்களை நான் எப்போது எடுத்தாலும் நடுவில் மூடிவைக்க முடிவதில்லை.

இதைத் திரையில் கொண்டுவர அனிமேஷனைவிடத் தோதான கலை எது? நடிகர்களை வைத்து எடுப்பவர் இருட்டைக் காட்டவும் ஏதோவொரு விளக்கைப் போட்டாக வேண்டும். வரைபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கட்டும். கல்லில் விரல் உரசும் ஓசையும் திருப்பங்களை எண்ணும் சிறுமியின் முணுமுணுப்பும் போதும். அப்புறம் அந்த ஒற்றை ஒளி வரட்டும். கிப்லியின் ஓவியர்களால் முடியாததா இது? 2004இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் முதல் இரண்டு நாவல்களையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தது; செம்பழுப்பு நிறத்துக் கெட்டுக்கு வெள்ளைக்கார நடிகரைப் போட்டது. லெ குவின் பகிரங்கமாகவே கோபப்பட்டார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் வந்த வாய்ப்பு கோரோவுடையது. அவரோ மூன்றாவது, நான்காவது நாவல்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாவலின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கல்லறைகள் இடிந்து விழ, டெனாரும் அவள் அடைத்துவைத்திருந்த கெட்டும் சேர்ந்து தப்பிக் கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள். வேறு யாராக இருந்தாலும் கதையை அங்கே சுபமாக முடித்திருப்பார்கள். லெ குவின் முடிக்கவில்லை. தன்னை மீட்டவனைக் கொல்லக் கத்தியோடு அவன் பக்கத்தில் போய் நிற்கிறாள் டெனார். குத்தவில்லை. பிறகு, வீணாய்ப்போன வருடங்களை நினைத்து அழுகிறாள். விடுதலை அவளுக்கு அவ்வளவு வலிக்கிறது.

அடுத்து எந்த ஸ்டூடியோ எர்த்ஸீயைத் தொட்டாலும், டிராகன்கள் குறைந்தால்கூட எனக்குக் குறையில்லை. அந்தக் கத்தியையும் அந்த அழுகையையும் வெட்டாமல் எடுக்கட்டும்.