ஆள் இல்லாத படம் யாரைக் காட்டுகிறது?

தண்ணீர்த் தொட்டி, ஊதுலை, நிலக்கரிச் சுரங்கத்தில் ஆளையும் கரியையும் ஏற்றி இறக்கும் சக்கரக் கோபுரம் ஆகியவற்றைத்தான் ஜெர்மானியத் தம்பதி பெர்ன்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் 1959 முதல் பல பத்தாண்டுகள் விடாமல் படமெடுத்தார்கள். மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நிழல் விழாமல், உயரத்தில் ஏறி நின்று, கட்டடத்தை நேருக்கு நேர் எடுப்பார்கள். பிறகு ஒரே வகைக் கட்டடங்களை ஒன்பது, பன்னிரண்டு என வரிசை பிடித்து மாட்டுவார்கள். அவற்றில் ஆட்களைத் தேடினால் ஏமாற்றம்தான். இது கலையல்ல, வெறும் பட்டியல் என்பது ஒரு குறை. 1990-ல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி இந்தப் புகைப்படங்களுக்குச் சிற்பத்துக்கான பரிசைக் கொடுத்தது. பட்டியல் என்பவர்கள் அந்த நடுவர்களோடு வாதாடிக்கொள்ளட்டும். உழைப்பாளியையே துடைத்துவிட்ட படங்கள் என்ற இன்னொரு குறைதான் கனமானது.

அதற்கு வலுச்சேர்ப்பவர் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட். க்ரூப் எஃகு நிறுவனத்தின் ஆலையைப் படமெடுத்துக் காட்டினால் அந்த நிறுவனத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது என்ற பொருளில் 1931-லேயே அவர் எழுதிவிட்டார். ஒற்றைப் படத்துக்கு அது முழுக்கப் பொருந்தும். வரிசைக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். 1970-களில் பெக்கர் தம்பதி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சிறு சுரங்கங்களின் கரி இறக்கும் மேடைகளை எடுத்தார்கள். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மர அமைப்புகள் அவை. ஒரு காலுக்கு உருட்டுக்கட்டை, இன்னொன்றுக்கு அறுத்த மரம். நீளம் போதாத இடத்தில் ஒட்டுப்பலகை. பொறியாளரின் வரைபடம் பார்த்துக் கட்டியதல்ல, கிடைத்ததை வைத்து சுரங்கக்காரர்களே எழுப்பியது என்று பார்த்ததும் புரிகிறது. பக்கத்தில் ஜெர்மனியின் ரூர் பகுதி எஃகுக் கோபுரங்களை வைத்துப் பாருங்கள். அங்கே முதலாளியின் பணம் பேசுகிறது, இங்கே கையில் காசில்லாதவனின் சாமர்த்தியம். இரண்டிலும் ஆள் இல்லை. ஆனாலும் யார், எந்த நிலையில் வேலை செய்தார்கள் என்பது தெரிகிறது. முன்னால் ஒரு தொழிலாளியைச் சிரிக்க வைத்து நிறுத்தியிருந்தால் நம் கண் அவர் முகத்தோடு நின்றிருக்கும். அந்த ஒட்டுப்பலகையை யார் பார்த்திருப்பார்கள்?

புகையையும் தூசியையும் அழகாக்கி ஏக்கத்தை விற்கிறார்கள் என்றும் சொல்வதுண்டு. அழகாக்குவதுதான் நோக்கமென்றால் மாலை வெயிலுக்குக் காத்திருந்திருப்பார்களே! சாம்பல் வானத்தைத் தேடிப் போனதே அந்தக் கவர்ச்சி வேண்டாம் என்றுதான். கூலி எவ்வளவு, நுரையீரல் என்னவாயிற்று என்பதை இந்த வரிசைகளும் சொல்லாது; அதற்கு எழுத்து வேண்டும். ஆனால் எழுதுவதற்கும் கட்டடம் நிற்க வேண்டும். தன் ஊர்ப்பக்கச் சுரங்கத்தை வரையத் தொடங்கிய பெர்ன்ட், இடிப்பவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் கேமராவைக் கையில் எடுத்தார். ரூர் பகுதியில் டோர்ட்முண்ட் நகரின் சோலர்ன் சுரங்க இயந்திரக்கூடத்தையும் இடிப்பதாகத்தான் இருந்தார்கள். காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களில் பெக்கர் தம்பதியும் உண்டு. 1969-ல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது.