பவர் செக் பண்ணா போதுமா?

போன செமஸ்டர் மெட்ராஸ் ஐ வந்தப்போ எங்க ஹாஸ்டல்ல நடந்தது இது. ஒருத்தன் மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணா, கண்ணு சிவந்திருக்கு"ன்னு சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தான். ரெண்டே நாள்ல சிவப்பு இறங்கிடுச்சு. அப்புறம் அந்த பாட்டில் ரூம் ரூமா சுத்துச்சு. (ஒரே பாட்டிலைப் பத்துப் பேர் போட்டால் தொற்று எப்படிப் பரவும்ங்கறது தனிக் கதை.) லேபிளைப் பார்த்தால் டெக்ஸாமெத்தசோன். அதாவது ஸ்டீராய்டு.

சிவப்பைக் குறைப்பதில் அது கெட்டிதான். ஆனால் வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை ஏற்றிவிடும். பெரும்பாலும் வலிக்காது, பார்வையும் உடனே மங்காது. எனக்குப் பயமே அதுதான்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வச்சவனுக்கும் இது புரியும். கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் நிமிஷத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் சுரந்துகொண்டே இருக்கிறது. கருவிழி ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு திசு. அது வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. இன்லெட் ஓடுது, அவுட்லெட் அடைக்குது, அழுத்தம் ஏறாம என்ன செய்யும்? ஸ்டீராய்டு அந்தச் சல்லடையைத்தான் அடைக்கிறது. வழக்கமான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். அதைத் தாண்டி நீடித்தால் அடி வாங்குவது பின்னால் இருக்கும் பார்வை நரம்பு. சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட கேபிள் அது. பெரும்பாலும் முதலில் போவது ஓரப் பார்வை. இன்னொரு கண்ணும் மூளையும் சேர்ந்து அந்த ஓட்டையை மூடி மறைத்துவிடுவதால் ஆளுக்கே தெரியாது. செத்த இழை திரும்ப வராது. இதுதான் குளுக்கோமா.

எங்க தாத்தா நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது வீட்டில் எல்லாரும் "புரை முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்"னு காத்திருந்தோம். புரைன்னா லென்ஸை மாற்றலாம். தாத்தாவுக்கு இருந்தது புரை இல்லை. கூட்டிட்டுப் போனப்போ ஒரு கண் முழுசா போயிருந்தது. எங்க வீடு மட்டும் இப்படி இல்லை. மதுரை அரவிந்த் மருத்துவமனை தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், குளுக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

இப்போ நம்ம காலேஜ் கண் பரிசோதனை முகாமுக்கு வருவோம். எழுத்துப் பலகை, பவர், கண்ணாடி, அடுத்த ஆள். 19 வயசுப் பசங்க எல்லாருக்கும் அழுத்தம் பாருங்கன்னு நான் கேட்கலை, அது வீண் செலவு. மூணே கேள்வி கேளுங்க: வீட்டில் யாருக்காவது குளுக்கோமா உண்டா? ஸ்டீராய்டு சொட்டு போட்டிருக்கியா? கண்ணில் எப்பவாவது கிரிக்கெட் பந்து பட்டிருக்கா? (கண்ணில் பலமா அடிபட்டால் வருஷங்கள் கழித்தும் அழுத்தம் ஏறலாம்.) ஒண்ணுக்காவது "ஆமா"ன்னு சொல்றவனை மட்டும் கண் டாக்டரிடம் அனுப்புங்க.

அங்கே காட்டும் எண்ணையும் அப்படியே நம்பிடாதீங்க, நாம இன்ஜினியர்கள். கோல்ட்மேன் டோனோமீட்டர் கருவிழியில் 3.06 மில்லிமீட்டர் விட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும்னு பார்க்கிறது. விசை வகுத்தல் பரப்பு, அவ்வளவுதான். கருவிழி தடிமனா இருந்தா எண் கூடக் காட்டும். லேசிக் பண்ணி மெலிஞ்சிருந்தா குறைச்சுக் காட்டும். அழுத்தம் 21க்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் இருக்கிறார்கள், 25 இருந்தும் ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. அதனால டாக்டர் நரம்பையும் பார்க்கணும்.

போன மாசம் அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். அழுத்தம் 24. கருவிழித் தடிமனை அளந்து, நரம்பையும் பார்த்துட்டு, "இப்போ மருந்து வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னாங்க. அம்மாவுக்கு ரெண்டு தம்பிங்க. ரெண்டு மாமாவும் இன்னும், "எனக்குக் கண்ணு நல்லாத்தானேடா தெரியுது"ன்னு சொல்லிட்டு இருக்காங்க.