மனைக்கு ஒரு மட்டம், கணினிக்கு ஒரு மட்டம்

பாப்பிரெட்டிப்பட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும். ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் சித்தேரி மலை. இரண்டுக்கும் நடுவே மஞ்சவாடி கணவாயைத் தாண்டி, சேலத்திலிருந்து அரூருக்குச் சாலை போகிறது. ஏற்காட்டுப் பக்கம் பெய்கிற மழை வாணியாறாக இறங்கி, மலையடிவாரத்தில் 65 அடி உயர வாணியாறு அணையில் கொஞ்ச காலம் தங்கி, பிறகு தென்பெண்ணையைப் பார்த்துப் போகிறது. இப்படி ஒரு ஊரில் மனைத் தரகர் "சமதளமான பிளாட் சார்" என்று சொன்னால் அது பாதி உண்மைதான். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற நிலம் தண்ணீருக்குச் சமமாகத் தெரிவதில்லை.

முன்பெல்லாம் இந்தப் பாதி உண்மையை மேஸ்திரி கண்டுபிடித்துவிடுவார். இப்போது வீட்டு பிளான் கணினிக்கு வந்துவிட்டது. பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டே சொந்த ஊரில் வீடு கட்டுகிறவர்கள் மனையைப் பார்ப்பதைவிட, திரையில் மனையின் படத்தைப் பார்ப்பதுதான் அதிகம். 2000ஆம் ஆண்டில் வந்த ஸ்கெட்ச்அப் மென்பொருளை 2006இல் கூகுள் வாங்கியது. 2012இல் அது டிரிம்பிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதில் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த இடத்தின் மேடு பள்ளமும் சேர்ந்து வந்து உட்காரும். சீஃப் ஆர்க்கிடெக்ட் போன்ற மென்பொருள்களில் உயரத் தரவுக் கோப்பைத் தனியாக இறக்குமதி செய்யலாம். பச்சைப் போர்வை விரித்ததுபோல் நிலம் வரும், அதன்மேல் வீட்டைத் தூக்கி வைக்க வேண்டியதுதான். பார்க்க அவ்வளவு அழகு!

ஆனால் அந்தப் போர்வையை நெய்த நூல் எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

22 சென்ட்டுக்கு ஓர் எண்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் மிகப் பிரபலமானது எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் கொண்டு எடுத்த அளவு. உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை ஒரே பயணத்தில் அளந்தார்கள். சாதாரண வேலையல்ல, மனிதகுலம் பெருமைப்பட வேண்டிய வேலை. முதலில் இந்தியாவுக்கு 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில்தான் கொடுத்தார்கள். அதாவது இரண்டு ஏக்கருக்கு ஓர் எண். 2014 செப்டம்பரில் அமெரிக்க அரசு அறிவித்த பிறகு 30 மீட்டர் தரவு படிப்படியாக வெளிவந்தது. நம் இஸ்ரோ 2005 மே மாதம் ஏவிய கார்ட்டோசாட்-1 எடுத்த படங்களிலிருந்து செய்த உயரத் தரவும் புவன் தளத்தில் 30 மீட்டர் அளவில் கிடைக்கிறது.

30 மீட்டருக்கு 30 மீட்டர் என்றால் 900 சதுர மீட்டர். ஊர் கணக்கில் சொன்னால் சுமார் 22 சென்ட். சாதாரண வீட்டு மனை 30க்கு 40, அதாவது 1200 சதுர அடி, இரண்டே முக்கால் சென்ட். ஆக, எட்டு வீட்டு மனைகளுக்குச் சேர்த்து ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. மனைக்குள் எந்த மூலை உயரம், எந்த மூலை தாழ்வு என்பதற்கு அந்தத் தரவில் பதிலே கிடையாது.

அப்படியானால் திரையில் தெரிகிற அந்த வழுவழுப்பான சரிவு எங்கிருந்து வந்தது? மென்பொருள் தானாக வரைந்தது. பக்கத்துக் கட்டத்தின் எண்ணையும் இந்தக் கட்டத்தின் எண்ணையும் ஒரு கோட்டால் இணைத்து, நடுவில் இருக்கும் இடத்தை நிரப்பிவிடும். பி.காம். படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று ஆகிவிடாது. இரண்டு பக்கமும் ஒரே தப்பு இருந்தாலும் டேலி ஆகும். வழுவழுப்பான சரிவும் அப்படித்தான். அதற்கு வவுச்சர் கிடையாது.

ஒன்றரை அடியும் மூன்றேகால் அடியும்

பிழை எவ்வளவு என்பதையும் பார்க்கலாம். எஸ்ஆர்டிஎம் தரவுக்கு வைத்த இலக்கே, உயரத்தில் 16 மீட்டருக்குள் பிழை இருக்கலாம் என்பதுதான். உண்மையில் பெரும்பாலான இடங்களில் பிழை அதைவிடக் குறைவு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒப்பிட்டால் இன்னும் குறையும். ஆனாலும் பழைய எஸ்ஆர்டிஎம் கோப்புகளில் உயரம் முழு மீட்டர்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 411, 412 என்று இருக்குமே தவிர 411.3 என்று இருக்காது. ஒரு மீட்டர் என்பது மூன்றேகால் அடிக்கும் கொஞ்சம் மேல்.

தேசியக் கட்டடக் கோட்பாடு, சுற்றியுள்ள தரைமட்டத்திலிருந்து பேஸ்மட்டம் குறைந்தது 45 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஒன்றரை அடி. ஒன்றரை அடியை முடிவு செய்ய, மூன்றேகால் அடிக்கு ஒரு கோடு போட்ட அளவுகோலை எடுத்துக்கொண்டு போகிறோம். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இன்னும் சில சங்கடங்கள் இருக்கின்றன. ரேடார் பார்ப்பது மண்ணை மட்டும் அல்ல. அடர்ந்த தோப்பு இருந்தால் மரத்தின் தலைப்பகுதியையும் சேர்த்துப் பார்க்கும். தென்னந்தோப்புக்கும் பாக்குத்தோப்புக்கும் பக்கத்தில் மனை வாங்கியவர் திரையில் பார்க்கிற 'மேடு' ஒருவேளை தென்னை மட்டையாக இருக்கலாம். தோப்பை அழித்து மனை போட்ட இடமென்றால் கேட்கவே வேண்டாம். 2000ஆம் ஆண்டில் நின்ற மரங்கள் 2020களில் கட்டும் வீட்டின் அடியில் மேடாக நிற்கும்.

சாலையும் அப்படியே இருப்பதில்லை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, வீடுகள் தாழ்ந்துபோன கதை தமிழ்நாட்டில் எல்லாத் தெருவிலும் உண்டு. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதியது இதற்காகத்தான். தெருவில் அரை அடி உயர்ந்ததை விண்கலம் எப்படிச் சொல்லும்?

சிலர் கைப்பேசியை மனையில் வைத்து உயரம் பார்க்கிறார்கள். அது இன்னும் மோசம். ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது கணிதத்தால் வரையறுத்த ஒரு நீள்கோளத்திலிருந்து உயரம். கடல் மட்டத்திலிருந்து அல்ல. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவாக இருப்பதால், இந்தப் பகுதியில் கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு வெகு கீழே இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வித்தியாசம் சுமார் 80 முதல் 100 மீட்டர்வரை வரும். சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. ஒரு கோப்பில் திருத்தியதும் இன்னொன்றில் திருத்தாததும் கலந்தால், வீடு பாதாளத்துக்குப் போய்விடும். மீட்டரில் உள்ள கோப்பை அடி என்று நினைத்து ஏற்றினால் மலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பது தனி வேடிக்கை.

இழப்பு யாருக்கு?

படம் தப்பானால் என்ன, வீடு நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை கொட்டியது. ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் ஏரித் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டதை நாடே பார்த்தது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அரூர் பக்கத்து ஊர். அப்படி ஒரு மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வருவதா வாசலோடு போவதா என்பதை அரை அடி முடிவு செய்துவிடும்.

பணக் கணக்கும் இருக்கிறது. 1200 சதுர அடி மனையை ஓர் அடி உயர்த்த 1200 கன அடி மண் வேண்டும். 100 கன அடி ஒரு யூனிட் என்றால் 12 யூனிட். திமிசு போட்டு இறுக்கினால் இன்னும் கூடும். இரண்டு அடி தப்பினால் 24 யூனிட்டுக்கு மேல். வங்கிக் கடனுக்குப் போட்ட எஸ்டிமேட்டில் இது இருக்காது. கடைசியில் சமையலறை அலமாரியையோ காம்பவுண்டு சுவரையோ வெட்டித்தான் அந்தப் பணம் வரும்.

2024 ஜூலையில் தமிழக அரசு, 2500 சதுர அடிவரையுள்ள மனையில் 3500 சதுர அடிவரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனடி அனுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. அலைச்சல் குறைந்தது, வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் அனுமதி தருவதற்கு முன் யாராவது மனைக்கு வந்து பார்ப்பார்கள் என்ற நினைப்பை இனி விட்டுவிட வேண்டும். மட்டம் சரியா என்று பார்க்கும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்தான்.

விண்கலம் ஊருக்கு, டியூப் மனைக்கு

அதற்காக மென்பொருளைத் தூக்கிப் போட வேண்டும் என்பதல்ல. 30 மீட்டர் தரவு ஊரைப் பார்க்க அருமையானது. மலைத் தண்ணீர் எந்த ஓடை வழியாக இறங்குகிறது, மனை அந்த ஓடையின் வழியில் இருக்கிறதா, எந்தப் பக்கம் ஏரி என்பதையெல்லாம் மனை வாங்குவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். மலையடிவார ஊரில் இது சாதாரண உதவியல்ல. சேர்வராயன் மலை ஊருக்கு எந்தப் பக்கம் என்பதில் விண்கலம் தப்பு செய்யாது.

மனைக்குள் வந்துவிட்டால் மேஸ்திரியின் டியூப்தான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பினால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். சில மில்லிமீட்டர்தான் பிழை. 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை சரியாக 50 அடி. எனவே 60, 70 அடி டியூப் போதும். வாசலுக்கு எதிரே சாலையின் நடுப்பகுதியை 0 என்று வைத்துக்கொண்டு, மனையைப் பத்து அடிக்கு ஒரு புள்ளியாகப் பிரித்தால் 20 புள்ளிகள். இரண்டு பேர் இருந்தால் ஒரு காலைப்பொழுது வேலை. அந்த 20 வரிகளை (நீளம், அகலம், உயரம்) ஒரு கோப்பில் எழுதி மென்பொருளில் ஏற்றினால், அதுதான் உண்மையான உயரத் தரவு. சாக்கடையின் மட்டத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. வாஸ்துக்காக ஈசானிய மூலை தாழ்வாக இருக்க வேண்டும் என்கிறவர்கள், அது இப்போது எவ்வளவு தாழ்வு என்பதை இதில் அளந்தே பார்த்துக்கொள்ளலாம்.

மேஸ்திரியே அளக்கிறார் என்றால் கணினி எதற்கு என்று கேட்கலாம். மேஸ்திரியின் அளவு சுவரில் ஒரு பென்சில் கோடு. பூச்சு பூசியதும் போய்விடும். கணினியில் ஏறினால் எத்தனை யூனிட் மண், எத்தனை படிக்கட்டு, மழைநீர்க் குழாய்க்கு எந்தப் பக்கம் வாட்டம் என்று கணக்குப் போடலாம். பெங்களூரில் இருக்கும் மகனும் பார்க்கலாம். பத்து வருடம் கழித்துச் சாலை உயர்ந்தால், எவ்வளவு உயர்ந்தது என்று காட்ட ஆதாரமும் கையில் இருக்கும்.

அரசும் செய்ய வேண்டியது உண்டு. 1802இல் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலையால் உலக நில அளவை வரலாற்றில் இடம்பிடித்த நாடு இது. ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில்கூடக் கடல் மட்டத்திலிருந்து உயரத்தை எழுதி வைப்பது இங்கே வழக்கம். ஆனால் ஒரு பேரூராட்சித் தெருவின் மட்டம் என்ன என்று கேட்டால் எங்கே போய்ப் பார்ப்பது? 2021 பிப்ரவரியில் வரைபடக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்த்தப்பட்டன. 2022இன் தேசியப் புவிசார் கொள்கை, 2030க்குள் சமவெளிக்கு 25 செ.மீ. அளவிலும் மலைப்பகுதிக்கு 1 முதல் 3 மீட்டர் அளவிலும் துல்லியமான உயரத் தரவு வேண்டும் என்கிறது. நல்ல இலக்குதான். ஆனால் 25 செ.மீ. என்பதே பத்து அங்குலம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சாலை போடும்போது எடுக்கிற மட்டத்தை, தெரு முனையில் ஒரு கல்லில் எழுதி வைத்தால் போதும். வீடு கட்டுகிறவர் தன் டியூபை அந்தக் கல்லிலிருந்து தொடங்கிக்கொள்வார்.

இந்த விடுமுறையில் வீட்டுக்கு பிளான் போட்டுத் தருவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கும் பிள்ளைகள், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு டியூப் வாங்கிவிடுவது நல்லது. மற்றதையெல்லாம் பிறகு தரவிறக்கம் செய்துகொள்ளலாம்.