நாலு பவர் போதும்

பென்சில்வேனியாவில் அக்டோபர் பிறந்துவிட்டால் துப்பாக்கிக் கடைகளின் கண்ணாடி அலமாரி முன்னால் கூட்டம் சேர்ந்துவிடும். பலர் கையில் தாத்தா விட்டுப்போன மார்லினோ பழைய வின்செஸ்டரோ இருக்கும். அதற்கு ஒரு ஸ்கோப் வேண்டும். வாங்க வந்தவர் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை பவர்?" 3-9, 4-12, 4-16, 6-24 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும், வந்தவர் முகமும் மலரும். முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர் என்றால் பரவாயில்லை, 50 என்றால் உசத்தி, 56 என்றால் கேட்கவே வேண்டாம்.

பவர் கூடினால் குறி தப்பாது, லென்ஸ் பெருத்தால் இருட்டிலும் தெரியும். இந்த நம்பிக்கை மளிகைக் கடைக்காரரிலிருந்து வக்கீல் வரை எல்லாரிடமும் ஊறிக் கிடக்கிறது. பழைய மான் துப்பாக்கியைப் பொறுத்தவரை இது சுத்தமாகத் தப்பு. வீண் செலவு மட்டும் என்றால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்தத் தப்புக்கு விலை கொடுப்பது மான்.

இந்தியாவில் 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் பின்வந்த திருத்தங்களாலும் வேட்டை முடிந்த கதை. இங்கே அப்படியில்லை. உரிமம் வாங்கி, மாநிலம் குறித்த நாட்களில், குறித்த எண்ணிக்கையில் வெள்ளைவால் மானை இறைச்சிக்காகச் சுடலாம். தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சுத் துணி அணிந்திருக்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரைமணி நேரம் முன்பு தொடங்கி, மறைந்து அரைமணி நேரம் வரை சுடலாம். இவையெல்லாம் சட்டம் சொல்வது. ஒரே தோட்டாவில், மான் வலி அறியுமுன் முடித்துவிட வேண்டும் என்பது சட்டத்தில் எழுதாத கடமை. துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு அதுதான் முதல் கடமை என்று நம்புகிறவன் நான்.

என்னிடம் இருப்பது 1960களில் செய்த மார்லின் 336. தெர்ட்டி-தெர்ட்டி தோட்டா போடும் லிவர் துப்பாக்கி. பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அவர் மனைவியிடமிருந்து வாங்கினேன். வாங்கிய வருஷமே ஒரு கடையில் 4-16 பவர், 50 மில்லிமீட்டர் ஸ்கோப் பொருத்தித் தந்தார்கள். "இதைப் போட்டால் முந்நூறு கெஜம் சாதாரணம்" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன்.

தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை, பருவத்தின் முதல் நாள். ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே ஒரு சரிவில் என் பரண். முந்தைய நாள் மாலை எதிர்மேட்டைத் தெளிவாகப் பார்க்க ஸ்கோப்பைப் பன்னிரண்டுக்குத் திருகியவன், இறக்க மறந்துவிட்டேன். விடிந்து சற்று நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து மான் வந்தது. நாற்பது கெஜம் இருக்கும். துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனால் கண்ணுக்குள் கறுப்பு. கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கி, கழுத்தை நீட்டித் தேடினேன். வட்டம் தெரிந்தபோது அதில் நிறைந்திருந்தது பழுப்பு முடி. தோளா, விலாவா, தொடையா, எதுவும் விளங்கவில்லை. முடியில் ஒரு மடிப்பு நிழலாகத் தெரிந்தது. அதை முன்காலின் மடிப்பு என்று எண்ணிச் சுட்டேன்.

மான் முதுகைக் கூனிக்கொண்டு, ஓடாமல், நடந்தே போயிற்று. வயிற்றில் பட்ட மான் அப்படித்தான் போகும். சருகில் கிடந்த ரத்தம் கருத்திருந்தது, அதில் மென்ற இலையின் பச்சைத் துணுக்குகள். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் ஓர் ஓடைக் கரையில் அதைக் கண்டேன். தண்ணீரைத் தேடி வந்திருக்கிறது. எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தது என்பதை இன்றுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விசையை இழுத்தது என் விரல். கடைக்காரரைப் பழி சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரும் நானும் நம்பியது ஒன்றைத்தான். அந்த நம்பிக்கையோடுதான் எனக்கு வழக்கு.

கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு பவரில் நூறு கெஜத்தில் ஏறத்தாழ ஒன்பதடி அகலம்தான் கண்ணுக்குக் கிடைக்கும். நாற்பது கெஜத்தில் அது மூன்றரை அடியாகச் சுருங்கிவிடும். ஒரு முழு மான்கூட அதற்குள் அடங்காது. நாலு பவர் என்றால் அதே நாற்பது கெஜத்தில் பத்தடிக்கு மேல் தெரியும். மான் தெரியும், அது நிற்கிற மரம் தெரியும், அதன் பின்னால் இன்னொரு மான் நின்றால் அதுவும் தெரியும். இந்த மலைக்காடுகளில் எனக்குத் தெரிந்தவர்கள் சுட்ட மான்களில் நூறு கெஜத்தைத் தாண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அத்தனை மரம், அத்தனை புதர். தூரத்தைப் பார்க்கவே வழியில்லாத இடத்தில் தூரத்தைப் பெருக்கும் கண்ணாடியால் என்ன பயன்?

"சரி, தூரத்தில் வந்தால்?" என்பார்கள். வந்தால் சுடக் கூடாது. ஸ்கோப் கண்ணுக்குத்தான் மானைக் கிட்டே கொண்டுவரும், தோட்டாவுக்கு அல்ல. தெர்ட்டி-தெர்ட்டி என்பது 1895இல் வின்செஸ்டர் 94 துப்பாக்கிக்கென்று வந்த தோட்டா. அதன் 170 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்புகிறது. இன்றைய அளவில் அது நிதானமான வேகம். நூறு கெஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், இருநூறு கெஜத்தில் எட்டு அங்குலம் போலத் தாழ்ந்துவிடும். முந்நூறில் இரண்டடிக்கும் மேல். இருநூறு கெஜம் போகுமுன்னே கிளம்பிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி கரைந்துபோகும். மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் எட்டு அங்குல வட்டம். பதினாறு பவரில் அந்த வட்டம் சாப்பாட்டுத் தட்டு போலப் பெரிதாகத் தெரிகிறதே என்று விசையை இழுப்பவருக்கு, குண்டு காலில் பட்டுச் சிதறப் போகிறது என்பது தெரிவதில்லை. பவர் அவருக்குத் திறமையைத் தரவில்லை. துணிச்சலை மட்டும் தந்திருக்கிறது.

இன்னொன்று, கை நடுக்கம். மானைப் பெருக்கும் கண்ணாடி நடுக்கத்தையும் அதே அளவு பெருக்கும். குறுக்குக்கோடு துள்ளுவதைப் பார்த்துப் பதறி, அது நடுவுக்கு வரும் நொடியைப் பிடிக்கப் பார்த்து, விசையை வெடுக்கென்று இழுப்பார்கள். நாலு பவரில் அதே நடுக்கம் இருக்கிறது. ஆனால் ஆளைப் பயமுறுத்துவதில்லை.

இனி வெளிச்சம். பெரிய லென்ஸ்காரர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடம் இது. முன் லென்ஸின் விட்டத்தைப் பவரால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32 மில்லிமீட்டர் லென்ஸ், நாலு பவர் என்றால் எட்டு மில்லிமீட்டர். இளவயதில் மனிதக் கண்பாவை இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வயதானால் ஐந்தோ என்னவோதான். ஆக, சின்ன லென்ஸே கண் குடிக்கக் கூடியதைவிட அதிகமாக ஊற்றுகிறது. அதே நாலு பவரில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் பன்னிரண்டரை மில்லிமீட்டர் கற்றையைத் தரும். குடத்துக்கு மேல் ஊற்றிய தண்ணீர் தரையில்தான் ஓடும். அந்தப் பெரிய லென்ஸைப் பன்னிரண்டு பவருக்கு ஏற்றினால் கற்றை நாலு மில்லிமீட்டராகச் சுருங்கி, அந்த நாலு பவர் சின்ன ஸ்கோப்பைவிட மங்கலாகிவிடும். அந்தி நேரத்தில் பவரை ஏற்றுகிறவர் விளக்கைத் தணிக்கிறார்.

துப்பாக்கியின் உடம்பைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. இந்தப் பழைய துப்பாக்கிகளின் கட்டை இரும்புக் குறிகளுக்காகச் செதுக்கியது. கன்னம் படியும் மேடு தாழ்ந்திருக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் குழலில் இடிக்காமல் இருக்க உயரமான ரிங் போட்டே ஆக வேண்டும். உயரமான ரிங் போட்டால் கன்னம் கட்டையை விட்டு எழும்பும். கன்னம் எழும்பினால் கண் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். அன்று நான் கழுத்தை நீட்டித் தேடினேனே, காரணம் அதுதான்.

மார்லினில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதன் சுத்தியல் வெளியே தெரியும். ஸ்கோப்பின் பின்பக்கம் அதன் மேல் கவிந்திருந்தால் கட்டைவிரல் நுழைய இடம் இருக்காது. 1980களுக்கு முந்தைய மார்லினில் தனிப் பூட்டு கிடையாது. சுத்தியலைப் பாதியில் நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு. மான் போய்விட்டது, சுடவில்லை என்றால், ஏற்றிய சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்க வேண்டும். கையுறை போட்ட, குளிரில் மரத்துப்போன கட்டைவிரல். அது வழுக்கினால் துப்பாக்கி வெடிக்கும். சுத்தியலின் பக்கவாட்டில் திருகி மாட்டும் சின்னக் கொம்பு ஒன்று மலிவாகவே கிடைக்கிறது. ஸ்கோப் மாட்டிய எந்த மார்லினும் அது இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. ஆயிரம் டாலர் ஸ்கோப் விற்கிறவர்கள் அதைச் சொல்லித் தருவதில்லை.

1980களுக்கு முந்தைய வின்செஸ்டர் 94 வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, ஸ்கோப்பே வேண்டாம். அது காலித் தோட்டாவை நேர் மேலே வீசும். மேலே ஸ்கோப் இருந்தால் அதில்தான் இடிக்கும். பக்கவாட்டில் தள்ளி மாட்டிக் கழுத்தைக் கோணுவதைவிட, பின்பக்கம் துளைக்குறி ஒன்று போட்டுக்கொண்டு எழுபது கெஜத்துக்குள் சுடுவது மேல்.

மறுபக்கம் இன்னொரு கூட்டம் உண்டு. பழைய துப்பாக்கிக்கு ஸ்கோப் மாட்டுவதே பாவம் என்பவர்கள். அவர்களோடும் நான் இல்லை. அறுபது வயதுக் கண்ணால் பின்குறி, முன்குறி, மான் மூன்றையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க முடியாது. ஸ்கோப் குறியையும் மானையும் ஒரே தளத்தில் நிறுத்துகிறது. பெருக்கத்தைவிடப் பெரிய உதவி இதுதான். அதனால்தான் ஒரு காலத்தில் இரண்டரை, மூன்று பவரே போதுமென்று இருந்தது. வில்லியம் வீவர் 1930இல் கொண்டுவந்த 330 ஸ்கோப்பின் குழாய் முக்கால் அங்குலம்தான். பிற்பாடு வந்த நாலு பவர் கே-4 எத்தனையோ வீடுகளில் இன்னும் மான் துப்பாக்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. தொழிற்சாலையில் துளையிடாத பழைய துப்பாக்கியில் மட்டும் புதிதாகத் துளை போடுமுன் நன்றாக யோசியுங்கள். போட்ட துளையை எடுக்க முடியாது, சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பும் போய்விடும்.

காசு செலவழிக்க ஆசைப்பட்டால் அதற்கும் இடம் இருக்கிறது. ஒரேகானில், லியூபோல்ட் ஸ்கோப் நிறுவனத்தின் மார்க்கஸ் லியூபோல்ட் ஒரு மானைத் தவறவிட்டது பவர் போதாமல் அல்ல. ஸ்கோப்புக்குள் ஈரம் புகுந்து மூடுபனி படிந்ததால் என்று அவர் நிறுவனமே சொல்லிவரும் கதை உண்டு. அதன் பிறகுதான் நைட்ரஜன் அடைத்து இறுக மூடிய ஸ்கோப்புகளை அவர்கள் செய்தார்கள். ஈரம் புகாத குழாய், நல்ல பூச்சுள்ள லென்ஸ், நகராத மவுண்ட். பணம் இவற்றுக்குப் போகட்டும்.

ஏற்றி இறக்கும் ஸ்கோப்பை எப்போதும் குறைந்த பவரில் வைத்துக்கொண்டால் போயிற்று என்பவர்களுக்கு என் பதில் மேலே இருக்கிறது: அந்த மாலை நான் இறக்க மறந்தேன். அதைவிட மோசம், எதிர்மேட்டைப் பார்க்கத் துப்பாக்கியையே தூக்கினேன். அங்கே அசைந்தது ஒரு மனிதராக இருந்திருந்தால், துப்பாக்கியை அவர் மேல் நீட்டியிருப்பேன். பெரிய பவர் வாங்குகிறவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. பார்ப்பதற்குப் பைனாகுலர் இருக்கிறது, அது யாரையும் கொல்லாது. வயோமிங்கின் வெட்டவெளியில், வேகமான தோட்டாவோடு, தூரத்தில் சுடப் பழகியவர்களுக்குப் பெரிய பவர் தேவைப்படலாம். அது வேறு துப்பாக்கி, வேறு நிலம். ஏற்றி இறக்குவதுதான் வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து நாலு, மிஞ்சிப்போனால் இரண்டிலிருந்து ஏழு.

போன மாதம் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மதுரைக்காரத் தம்பி வந்திருந்தார். மனைவியின் தாத்தா கொடுத்த சாவேஜ் 99, அதன் மேல் யாரோ மாட்டிக் கொடுத்த 6-24. "எப்படிண்ணே இருக்கு?" என்றார். லிவரைத் திறந்து அறை காலி என்று இருவரும் விரல் விட்டுப் பார்த்தோம். கொல்லைக்கு அழைத்துப்போய், ஐம்பது கெஜத்தில் சரிவில் நிற்கும் அடிமரத்தைக் காட்டினேன். "கண்ணை மூடிக்கங்க தம்பி. துப்பாக்கியத் தோள்ல வச்சு, கன்னத்த வசதியாப் பதிங்க. இப்ப கண்ணைத் திறங்க."

"கறுப்பா இருக்குண்ணே. ஒண்ணும் தெரியல."

அதைக் கழற்றிவிட்டு, தாழ்வான ரிங்கில் என்னிடமிருந்த பழைய கே-4ஐ மாட்டினோம். மறுபடி கண்ணை மூடினார், தோளுக்கு ஏற்றினார், கன்னத்தைப் பதித்தார், திறந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அடிமரம் தெரியுதுண்ணே," என்றார். "அதுக்கு அந்தாண்ட வேலிக்கால் கூடத் தெரியுது."