சக்கரங்களின்மேல் ஒரு வீடு

அமெரிக்காவில் வீட்டை விட்டுவிட்டு, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் அமைந்த ஆர்.வி. என்னும் வாகனத்திலேயே ஆண்டு முழுவதும் குடியிருப்போர் உண்டு. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் இவ்வாழ்வுக்குத் தள்ளப்பட்ட முதியோரைப்பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் ‘நோமேட்லேண்ட்’ என்னும் நூலை வெளியிட்டார்.

வாடகை ஒழிந்தால் செலவும் ஒழிந்தது என்று எண்ணிவிடாதிருங்கள். எரிபொருள், காப்பீடு, டயர், முகாம் கட்டணம் ஆகியவை தொடர்ந்து வரும். அரசின் பொது நிலங்கள் பலவற்றில் 14 நாள்வரை கட்டணமின்றித் தங்கலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் குடிநீரும் மின்சாரமும் இராது. ஊர் ஊராய்ச் சென்றாலும் ஓட்டுநர் உரிமத்துக்கும் தபாலுக்கும் நிலையான முகவரி வேண்டும். ஆகவே மாநில வருமான வரி இல்லாத தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா ஆகியவற்றைப் பலர் தெரிந்துகொள்கிறார்கள்.

யாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. வண்டி பழுதாகிப் பட்டறைக்குப் போகும் நாளில் வீடும் அதனுடன் போய்விடும்! பழுதுபார்க்கும் பணத்தையும், அந்நாட்களில் விடுதியில் தங்கும் பணத்தையும் முன்னதாகவே தனியே எடுத்துவைப்பது அவசியம்.

அங்குள்ள உங்கள் உறவினர் எவரேனும் இவ்வாழ்வை விரும்பினால், முதலில் வாடகை வண்டியில் ஒரு மாதம் குடியிருந்து, ஒவ்வொரு செலவையும் எழுதிப்பார்க்கச் சொல்லுங்கள். வீட்டை விற்பது அதற்குப்பின்பு இருக்கட்டும்.